ரூட் கனால் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்

மேல்வரிசையில் நட்டநடுவில் இருக்கும் இரண்டு பற்களில் ஒன்று. அந்த ஒரே பல்லுக்காக இரண்டு வருடத்தில் 18 முறை பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். ரூட் கனாலுக்கு இரண்டு முறை, பல்லை உறை மாதிரி மூடும் கேப்புக்கு இரண்டு முறை என்று ஒரே வேலைக்கு இரட்டைச் செலவு. ஒழுங்கான வரிசையில் செய்திருந்தால் இதில் பாதித் தடவைகூட வந்திருக்க வேண்டியதில்லை என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். நல்லா இருந்த பல்லைத் தேவையில்லாமல் அரைத்துவிட்டார்கள், அதற்கு நானே தலையாட்டியிருக்கிறேன் என்பதுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது. இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன், அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பள்ளியில் படிக்கும்போது படிக்கட்டில் தடுக்கி விழுந்து, கைப்பிடிக் கம்பியில் வாய் மோதியது. உதடு கிழிந்தது, அந்தப் பல் லேசாக ஆடியது, இரண்டு மூன்று வாரத்தில் தானாக இறுகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அதோடு மறந்துவிட்டோம். 12 வருடம் கழித்து ஒருநாள் பல் தேய்க்கும்போது அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் அரிசி மணி அளவுக்கு ஒரு பரு தெரிந்தது. வலி கிடையாது. அழுத்தினால் கொஞ்சம் சீழ் வரும், இரண்டு நாளில் அமுங்கும், மறுபடி எழும்பும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். விழுந்த அடியிலேயே உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது, அது தெரியாமலே இத்தனை வருடம் நடமாடியிருக்கிறேன். அடிபட்ட பல் வலிக்கவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உங்களுக்கோ வீட்டுக் குழந்தைகளுக்கோ முன்பல்லில் பலமாக அடிபட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் சில மாதங்கள் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ரூட் கனால் மூன்று தடவையில் முடிந்தது. எல்லோரும் பயமுறுத்தியதுபோல் ஒன்றும் இல்லை, ஊசி போட்டபோது வந்த சுருக்கென்ற வலி மட்டும்தான். பல்லின் பின்பக்கம் துளை போட்டு, உள்ளே இருந்ததைச் சுத்தம் செய்து, வேர்க் குழாயை ரப்பர் மாதிரி ஒரு பொருளால் அடைத்தார்கள். அதன் பெயர் கட்டா பெர்ச்சா. துளையின் வாயில் ஒரு தற்காலிக ஃபில்லிங் வைத்துவிட்டு, "ரெண்டு வாரத்துல வாங்க, பெர்மனன்ட் ஃபில்லிங் போட்டுடலாம்" என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரு மறைந்துவிட்டது, கடிக்க முடிகிறது, அப்புறம் என்ன? வேலை, பயணம், கையில் பணம் கொஞ்சம் சேரட்டும் என்று தள்ளித் தள்ளி நான்கு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது நாக்கின் அடியில் மணல் மாதிரி ஏதோ நறநறவென்று தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் பல்லின் பின்பக்கம் ஒரு குழி. எப்போது உடைந்தது என்றுகூடத் தெரியவில்லை.

தற்காலிக ஃபில்லிங் என்பது சில வாரங்களுக்கு மட்டும் தாங்கும் மண்சுவர் மாதிரி. அது தேய்ந்தாலோ ஓரத்தில் விரிசல் விட்டாலோ எச்சில் உள்ளே இறங்கும், எச்சிலோடு கிருமியும் இறங்கும். வேர்க் குழாய் எவ்வளவு நன்றாக அடைக்கப்பட்டிருந்தாலும் மேல் வாசல் திறந்தே கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறிவிடும். அந்தப் பல்லில் நரம்பு இல்லாததால் கூசவும் கூசாது, வலிக்கவும் வலிக்காது, அதனால் நமக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் திறந்து கிடந்ததால் மறுபடி முழுக்கச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும் என்றார்கள். பழைய அடைப்பைத் தோண்டி எடுத்து இன்னொரு மூன்று தடவை, இரண்டாவது ரூட் கனாலுக்கு முதலாவதைவிடக் கூடுதல் பணம், கடைசியில் நிரந்தர ஃபில்லிங் போட இன்னொரு தடவை. நிரந்தர ஃபில்லிங்குக்கான தேதியையும் பணத்தையும் ரூட் கனால் தொடங்கும் அன்றே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பல் நிறம் மாறுவதை முதலில் கவனித்தது நான் இல்லை, ஒரு திருமண வீட்டில் எடுத்த போட்டோ. பக்கத்துப் பல்லெல்லாம் வெளிச்சத்தில் மின்ன, இது மட்டும் பழைய பித்தான் மாதிரி மங்கிப்போய்ச் சாம்பலும் பழுப்புமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போக ஆரம்பித்தது. அலுவலகத்தில் வீடியோ அழைப்பு என்றால் கேமராவை அணைத்துவிடுவேன். எதிரில் பேசுகிறவர் கண் என் கண்ணில் இருக்கிறதா வாயில் இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே பேசுவது எவ்வளவு அசதி தரும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பல்தானே என்று மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வெட்கமாக இருப்பது வெட்கமாகத்தான் இருக்கும், அதற்கு வைத்தியம் தேடுவதில் தப்பே இல்லை.

அப்போது நான் செய்ததெல்லாம் வெளிப்பூச்சு வேலை. கரித்தூள் கலந்த பசையை வாங்கி மூன்று வாரம் தேய்த்தேன், ஈறு எரிந்ததுதான் மிச்சம். அந்த மாதிரிப் பொருள்கள் மேலே படிந்த காபிக்கறை, டீக்கறையை உராய்ந்து எடுக்கும், கூடவே எனாமலையும் கொஞ்சம் தேய்க்கும். எலுமிச்சையும் சோடாவும் வைத்துத் தேய்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் புளிப்பு எனாமலைக் கரைக்கும், கரைந்த எனாமல் திரும்ப முளைக்காது. அடுத்து வெளுக்கும் ஸ்ட்ரிப் ஒரு பெட்டி வாங்கி 14 நாள் விடாமல் ஒட்டினேன். அது வேலை செய்தது, ஆனால் மற்றப் பற்களில். சுற்றியிருந்த பற்கள் எல்லாம் பளிச்சென்று ஆகி, நடுவில் இந்தப் பல் முன்னைவிடக் கறுப்பாக எடுத்துக் காட்டியது. பதினைந்தாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது கை கால் ஓய்ந்துபோய்விட்டது.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் புரிந்தது. ரூட் கனால் செய்த பல்லின் கறை உள்ளேயிருந்து வருவது. அடிபட்டபோது உள்ளே கசிந்த ரத்தம் பல்லின் நுண்ணிய குழாய்களுக்குள் புகுந்து, அதிலிருக்கும் இரும்புச்சத்து சிதைந்து கறுக்கும். முன்பல்லின் உள்ளறைக்கு மேல் மூலைகளில் கொம்பு மாதிரிச் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும், அங்கே செத்த திசு கொஞ்சம் மிஞ்சிவிட்டாலும் நாளாக நாளாக நிறம் இறங்கும். இது தவிர, குழாயை அடைக்கும் கட்டா பெர்ச்சாவும் அதோடு பூசும் சீலரும் ஈறு மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும், அப்படி வெட்டாமல் வெளியே தெரியும் பகுதிவரை விட்டுவைத்தால் பல்லுக்குள்ளிருந்து நிழலடிக்கும். வேர்ச் சிகிச்சையில் வைக்கும் சில மருந்துகளும் சிமென்டுகளும்கூடப் பல்லைக் கறுக்கவைக்கும், மினோசைக்ளின் கலந்த ஆன்டிபயாடிக் பேஸ்ட், எம்டிஏ என்ற சிமென்டின் சாம்பல் நிற வகை இரண்டும் அதற்குப் பேர்போனவை. முன்பல்லுக்கு ரூட் கனால் செய்யும்போது, "நிறம் மாறாத பொருளா வைங்க, அடைப்பை ஈறுக்குக் கீழே வெட்டிடுங்க" என்று நோயாளி வாய்விட்டுக் கேட்கலாம். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஸ்ட்ரிப் போட்டு முடித்த மூன்றாம் நாளே அவசர அவசரமாக ஒரு மருத்துவமனைக்கு ஓடினேன், முன்பு பார்த்த இடம் இல்லை, வேறு இடம். அங்கே ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ரூட் கனால் பண்ண பல்லுன்னா கேப் போட்டுத்தான் ஆகணும், ரெண்டு சிட்டிங்ல முடிச்சிடலாம், யாருக்கும் தெரியாது" என்றார்கள். யாருக்கும் தெரியாது என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அன்றைக்கே பல்லைச் சுற்றிலும் அரைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாய் திறந்தே இருந்தது, அதற்குப்பிறகு மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் நிற அட்டையை வைத்துப் பார்த்து ஷேடு குறித்துக்கொண்டார்கள். பத்து நாளில் செராமிக் கேப் வந்தது. ஒட்டும்போது உதடு மரத்துப்போயிருந்தது, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து "ஓகேவா?" என்று கேட்டார்கள். உதட்டைச் சரியாகத் தூக்கக்கூட முடியவில்லை. தலையாட்டிவிட்டேன். மறுநாள் காலை ஜன்னலோரம் நின்று பார்த்தபோது வயிறு கலங்கியது. ஈறை ஒட்டிச் சாம்பலாக ஒரு பட்டை, கீழ் நுனி மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு மூன்று வாரத்தில் மற்றப் பற்களின் அதிகப்படி வெளுப்பு அடங்கியதும் நுனியின் வெள்ளை இன்னும் துருத்திக்கொண்டு தெரிந்தது. போய்ச் சொன்னால், "நீங்கதான் ஓகே சொன்னீங்க" என்றார்கள். அந்தக் கேப்புக்குக் கொடுத்தது என் ஒன்றரை மாதச் சம்பளம். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பு இல்லை, ஐந்து மாதம் அப்படியே பொத்திப் பொத்திச் சிரித்தேன்.

அங்கே எத்தனை தவறு நடந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பல் காய்ந்தால் உண்மையான நிறத்தைவிட வெள்ளையாகத் தெரியும், வாயைத் திறந்து வைத்துப் பஞ்சடைத்துப் பத்து நிமிடம் இருந்தாலே மாறிவிடும். அதனால் ஷேடு பார்ப்பதை அன்றைய முதல் வேலையாக, ஊசி போடுவதற்கும் அரைப்பதற்கும் முன்பே செய்ய வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளுத்து முடித்த உடனே நிறத்தை நம்பக்கூடாது, குறைந்தது இரண்டு வாரம் போனால்தான் அது நிலைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளி ஊடுருவும் செராமிக்கைக் கறுத்த அடிப்பல்லின் மேல் மாட்டினால் அந்தக் கறுப்பு கேப் வழியாகத் தெரியத்தான் செய்யும். கேப்பையும் ஃபில்லிங்கையும் எந்த மருந்தாலும் வெளுக்க முடியாது என்பதையும் அதற்கு முன்னால் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவை போட்ட நாளின் நிறத்தோடு நிற்கும், சுற்றியுள்ள பற்கள்தான் மாறும். ஆகவே பற்கள் எந்த நிறத்தில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, முழு வாயையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்து, செத்த பல்லை உள்ளேயிருந்து வெளுத்து, பொறுத்திருந்து, ஃபில்லிங் போட்டு, தேவைப்பட்டால் மட்டும் கடைசியாகக் கேப். இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இதையெல்லாம் விளக்கியவர் ஒரு தோழி வற்புறுத்தி அனுப்பிய வேர்ச் சிகிச்சை நிபுணர். அவர் என் பழைய எக்ஸ்ரேக்களை விளக்குப் பலகையில் மாட்டிக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அரைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தைக் காட்டி, "இந்தப் பல்லுல பின்னாடி ஒரு சின்ன ஓட்டை தவிர எல்லாம் முழுசா இருந்திருக்கும்மா, இதுக்குக் கேப்பே தேவைப்பட்டிருக்காது" என்றார். முழுசாக இருக்கும் முன்பல்லுக்கு உள்வெளுப்பும் பின்பக்கம் பல் நிறத்திலேயே இருக்கும் ஒரு நல்ல காம்போசிட் ஃபில்லிங்கும் பல நேரம் போதும். ரூட் கனால் செய்தால் பல் காய்ந்து சுள்ளி மாதிரி ஆகிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், உண்மையில் பல்லைப் பலவீனமாக்குவது சொத்தையிலும் துளையிடுவதிலும் போகும் கெட்டிப் பகுதிதான், அதாவது பல்லின் சுவர்கள். பிடுங்கி எடுத்த சிறு கடைவாய்ப் பற்களை வைத்து 1989-ல் செய்த ஒரு சோதனையில், வேர்ச் சிகிச்சைக்கான துளையால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது, இரண்டு பக்கச் சுவரும் போகும் அளவுக்குக் குடைந்தபோது 63 சதவீதம் குறைந்தது.

ஆனால் கேப் வேண்டாம் என்று இதை எல்லாப் பல்லுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைவாய்ப்பல் வேறு கதை. என் அக்காவுக்குக் கீழ்க் கடைவாயில் ரூட் கனால் செய்து, கேப் செலவைத் தள்ளிப்போட்டு ஒரு வருடம் வெறும் ஃபில்லிங்கோடு இருந்தாள். ஒருநாள் ஏதோ கடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பல் நடுவில் பிளந்து வேர்வரை விரிசல். அதைக் காப்பாற்றவே முடியவில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. கடைவாய்ப் பற்கள் மெல்லும் எடையைத் தாங்குபவை, மேல் முகடுகளை மூடிப் பிடிக்கக் கேப் இல்லையென்றால் ஆப்பு அடித்த விறகு மாதிரிப் பிளக்கும். கேப் போடாத ரூட் கனால் பற்கள் கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-ல் வெளியான ஒரு ஆய்வில் வந்திருக்கிறது. பின்னால் இருக்கும் பல்லுக்குக் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள், முன்பல்லுக்குக் கேப் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

என் பல் ஏற்கனவே அரைக்கப்பட்டுவிட்டதால் கேப் இல்லாமல் விட வழியில்லை. அதனால் பழைய கேப்பை வெட்டி எடுத்து, அடிப்பல்லை வெளுத்து, புதிதாகக் கேப் போடுவது என்று முடிவானது. கேப்பை வெட்டியதும் பின்பக்க ஃபில்லிங்கை எடுத்துவிட்டு, கண்ணாடியை வைத்து உள்ளே காட்டினார். வெளிர் ஆரஞ்சு நிறத்தில் அந்தக் கட்டா பெர்ச்சா ஈறு மட்டத்தையும் தாண்டி மேலே நின்றது, சுற்றிலும் கறுப்பாக சீலர். "இதுதான் உங்க நிழல்" என்றார். சூடான கருவியால் அதை ஈறு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர்வரை கரைத்து எடுத்தார். அதன்மேல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி அயனோமர் சிமென்டை ஒரு மூடி மாதிரி வைத்தார். வெளுக்கும் மருந்து வேர்ப்பக்கம் இறங்காமல் தடுப்பது அந்த மூடிதான், அது இல்லாமல் உள்வெளுப்பு செய்ய யாராவது கிளம்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பொடியைக் கொட்டிச் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்தார். சோடியம் பெர்போரேட். பார்ப்பதற்கு ஈர மணல் மாதிரியே இருந்தது. அதைப் பல்லுக்குள் அடைத்து, பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மேலே தற்காலிக ஃபில்லிங், அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் கேப். வீட்டுக்குப் போங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள், அவ்வளவுதான். மருந்து உள்ளே இருக்க நாம் நடமாடிக்கொண்டிருப்பதால் இதை வாக்கிங் ப்ளீச் என்கிறார்கள். பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைக்கும் இந்த முறை 1961-லிருந்தே பல் மருத்துவத்தில் இருக்கிறது. புதிதாக ஏதோ லேசர் வந்திருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு எளிய வழி 60 வருடமாக இருந்திருக்கிறது.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன். இரண்டாவது வாரம் சாம்பல் போய்ப் பழுப்பு மட்டும் நின்றது. மூன்றாவது தடவை வைத்த மறுநாளே தற்காலிக ஃபில்லிங் ஓரம் விட்டுவிட்டது, வாயெல்லாம் சோப்புக் கரைத்த மாதிரிக் கசப்பு. உடனே போன் செய்து அன்றே போய் மாற்றிக்கொண்டேன். அந்த நான்கு மாதம் கற்றுக்கொடுத்த பாடம் அது. நான்காவது தடவை மருந்தை எடுத்தபோது பக்கத்துப் பல்லைவிட ஒரு பொட்டு வெளுப்பாக இருந்தது. வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் நிறம் திரும்ப இறங்கலாம் என்பதால் அந்த ஒரு பொட்டு இருக்கட்டும் என்று நிறுத்தினார். இந்த வாரங்களில் பல் உள்ளே வெறும் கூடு, முன்பல்லால் எதையும் கடித்துப் பிய்க்காதீர்கள்.

உள்வெளுப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை அவர் தொடங்குவதற்கு முன்பே சொன்னார். சில பற்களில் ஈறுக்குச் சற்று உள்ளே, பல்லின் கழுத்துப் பகுதியில் வேர் வெளியிலிருந்து கரைய ஆரம்பிக்கும். உள்ளே வெளுத்த பற்களில் இப்படி நடந்ததை 1979-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்துச் சூடும் காட்டிய பற்களிலும், சிறு வயதில் அடிபட்ட பற்களிலும் இது அதிகம். என்னுடையது அடிபட்ட பல். அதனால்தான் அவர் சூடு காட்டவில்லை, பெராக்சைடு கலக்காமல் வெறும் தண்ணீரில் குழைத்தார், வேகமாக முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றார். "ஒரே நாளில் உள்வெளுப்பு" என்று யாராவது சொன்னால் எந்த மருந்து, எவ்வளவு வீரியம், சூடு காட்டுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கரைதல் வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

வெளுத்து முடித்ததும் உடனே ஃபில்லிங் போடச் சொல்லி நான்தான் அவசரப்பட்டேன். அவர் மறுத்துவிட்டார். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் வெளியேறாமல் காம்போசிட் சரியாகப் பிடிக்காது, இரண்டு வாரம் கழிய வேண்டும். அந்த இரண்டு வாரமும் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடியிருந்தார். பிறகு உள்ளறை முழுவதையும் வெளிர் நிறக் காம்போசிட்டால் நிரப்பினார். வேருக்குள் செருகும் தண்டு மாதிரியான போஸ்ட் வைக்க வேண்டாமா, பலமாக இருக்குமே என்று கேட்டேன். போஸ்ட் பல்லுக்குப் பலம் கொடுக்காது, மேலே கட்டும் பகுதி நிற்கப் பிடிமானம் இல்லாதபோது மட்டும்தான் அது, அதற்காக வேரை இன்னும் குடைவது நஷ்டம் என்றார். வைத்தே ஆகவேண்டிய முன்பல் என்றால் ஃபைபர் போஸ்ட் கேளுங்கள், உலோகப் போஸ்ட் செராமிக் வழியாகக் கறுப்பாகத் தெரியும்.

புதிய கேப்புக்கு நிறம் பார்த்த விதமே வேறு. காலை முதல் ஆளாக வரச் சொன்னார். உதட்டுச்சாயம் இருந்தால் துடைத்துவிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்தாமல் வரச் சொன்னார். நாற்காலியில் உட்காரவைக்காமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஷேடு கைடில் இருந்து ஒவ்வொரு பல்லாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் 16 ஷேடுகள், ஏ வரிசை செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். என்னுடையது ஏ2, கழுத்துப் பக்கம் கொஞ்சம் ஏ3. அதாவது ஒரே பல்லிலேயே மேலும் கீழும் ஒரே நிறம் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தானாம். வெளுத்த அடிப்பல்லின் நிறத்தையும் தனியாகப் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார், எவ்வளவு மறைக்க வேண்டும் என்று செய்கிறவருக்குத் தெரிய வேண்டுமே. கேப் வந்ததும் ஒட்டாமல், நிறம் பார்ப்பதற்கென்றே இருக்கும் ஒரு பசையில் உட்காரவைத்து, ஊசி போடாமல், என்னை வெளியே வெயிலுக்கு அழைத்துப்போய்ப் பார்க்கச் சொன்னார். சிரித்துப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். நுனி சற்று அதிகமாக வெள்ளையாகப் பட்டது, சொன்னேன். முகம் சுளிக்காமல் லேபுக்குத் திருப்பி அனுப்பினார், ஒரு வாரம் கூடியது, அவ்வளவுதான். ஒட்டுவதற்கு முன் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒட்டியபின் அதை எடுக்க வெட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. கூர்ந்து பார்த்தால் எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தச் சிகிச்சைக்காகவே ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்: எல்லா எக்ஸ்ரேயும், உள்ளே வைத்த பொருள்களின் பெயரும், ஷேடு எண்ணும், கேப் எந்தப் பொருளால் ஆனது என்பதும் அதில் இருக்கின்றன. முதல் இரண்டு இடங்களிலும் என்ன பொருள் வைத்தார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்காததால் மூன்றாவது டாக்டர் தோண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் எக்ஸ்ரே எடுத்தோம், வேர் நுனியில் இருந்த கறுப்பு வட்டம் சுருங்கி எலும்பு ஏறிக்கொண்டிருக்கிறது, கழுத்துப் பகுதியில் கரைதல் எதுவும் இல்லை. அடுத்த எக்ஸ்ரே அடுத்த வருடம், இதே மாதம். தேதியை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.